இடப்பக்கத்து நுரை

உட்கார்ந்த முதல் நாளே தெரிந்தது,
இது என் உடம்புக்கு விழுந்த குழி அல்ல.
பூபாலன் செட்டியின் முப்பத்தெட்டு வருட எடை
வலப்பக்கமாய்ச் சாய்ந்து சாய்ந்து
பக்கத் திண்டை நசுக்கி, தோலைப் பிளந்து,
உள்ளிருந்த கம்பி தினமும்
என் தொடையை விசாரித்தது: நீ யார்?

எழுபத்து நான்காம் வருட ஆல்ஃபா.
சிவப்பு என்கிறது பதிவுத்தாள்.
டர்பன் வெயிலும் உப்புக்காற்றும் வேறு சொல்கின்றன.
என்ஜினில் குறையில்லை.
இரண்டாம் கியர் மட்டும் கெஞ்சினால்தான் விழும்.
இறங்கும்போதெல்லாம் பாவாடையின் பின்புறம்
மட்கிய நுரையின் மஞ்சள் தூள்.
ஆபீசில் நளாயினி கேட்டாள்:
"என்னக்கா, மஞ்சள் பூசிக் குளிச்சிட்டு
துடைக்காம வந்துட்டீங்களா?"

ஜேக்கப்ஸ் ரோட்டில்
டயர்க் கடைக்கும் சவப்பெட்டிக் கடைக்கும் நடுவே
டிலாட்லாவின் பட்டறை.
பெட்டிகளுக்கும் அவர்தான் உள்மெத்தை தைக்கிறார்.
அந்தப் பக்கத்திலிருந்து புகார் வந்ததில்லையாம்.
காரில் உட்கார்ந்தார். எழுந்தார். தலையை ஆட்டினார்.
"ரப்பர் பட்டை அஞ்சுல மூணு அறுந்துபோச்சு.
நுரை இத்தாலியிலிருந்து வரணும். மூணு மாசம்.
அதுக்குள்ள ரேண்டு எங்கே விழுமோ.
பேசாம கோல்ஃப் சீட் ரெண்டு கிடக்கு, மாட்டித் தரேன்.
சுவிட்ச் போட்டா சூடாகும்."
டர்பனில், பிப்ரவரியில், சூடாகும் சீட்.
வேண்டாம் என்றேன்.

நான்கு போல்ட். ஒன்று துருவில் முறிந்தது.
சீட்டைத் தூக்கியதும் கீழே
காலியான ஒரு மாத்திரை அட்டை,
செல்லாத இரண்டு சென்ட்,
இரண்டு கைப்பிடி கடல் மணல்.

அவர் வாங்கிய காலத்தில் கரையில் பலகைகள் இருந்தன.
யார் எங்கே கால் நனைக்கலாம் என்று
மூன்று மொழிகளில். அவற்றில் தமிழ் இல்லை.
இது பலகைக்கு இந்தப்பக்கத்து மணலா,
விடியுமுன் தனியாய்ப் போய்
அந்தப்பக்கத்திலிருந்து காலோடு ஒட்டிவந்ததா?
மணல் மணலாகவே இருந்தது.
நான் யோசித்து முடிப்பதற்குள்
டிலாட்லா வாக்யூமைப் போட்டுவிட்டார்.

பிறகு இடப்பக்க இருக்கை.
வளையங்களைக் குறட்டால் ஒவ்வொன்றாய்க் கழற்றித்
தோலை உரித்தவர், நின்றார். என்னைக் கூப்பிட்டார்.
வயதால் கறுத்திருந்தது நுரை, அவ்வளவுதான்.
விரல் வைத்தால் அமுங்கியது,
எடுத்தால் எழுந்தது.
"இதுல யாருமே உட்காரலை" என்றார்,
நல்ல சாமான் கிடைத்த சந்தோஷத்தில்.

லோகநாயகி அம்மாள் சாவியைத் தந்துவிட்டு
பணத்தை எண்ணிக்கொண்டே சொன்னது:
"நான் இதுல ஏறினதே இல்லைம்மா.
அவர் கூப்பிடலை. நானும் கேட்கலை."
அறுபதாவது தாளில் கணக்குத் தவறி
மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

அடிநுரை இரண்டுக்கும் ஒரே அச்சு.
இடதை எடுத்து வலதுக்கு வைத்தார்.
செட்டியின் குழியைக் கத்தியால் சீவி
புது ஸ்பாஞ்ச் ஒட்டி இடதுக்குத் தள்ளினார்.
பக்கத் திண்டைத் தைக்கும்போது மின்வெட்டு.
தையல் மெஷின் பாதி மூச்சில் நின்றது.
கடைசி ஒரு சாண்
வாசல் வெளிச்சத்தில், வளைந்த ஊசியால், கைத்தையல்.
சற்றுக் கோணல்.
ஏறும்போதும் இறங்கும்போதும்
என் தொடை அதைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது.

இப்போது நிமிர்ந்து உட்கார்கிறேன்,
யாரும் வராத ஓர் இடத்தின் மேல்.
சாலை நான்கு விரல் தாழ்ந்து தெரிகிறது.

வெள்ளிக்கிழமை நளாயினியை ஏற்றிக்கொண்டேன்.
மடியில் சேப்பங்கிழங்குப் பை.
உட்கார்ந்தாள். நெளிந்தாள்.
இப்படியும் அப்படியும் நகர்ந்து பார்த்தாள்.
"புதுசா பண்ணினதுன்னு சொன்னீங்க,
இங்க யாரோ ஏற்கெனவே உட்கார்ந்திருக்காங்களேக்கா."

விளக்கு பச்சையானது.
இரண்டாம் கியரைக் கெஞ்சினேன்.